கட்டங்களின் கடினம்

புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. அதன்பின் கொழும்புப் பத்திரிகைகள் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிவருதல் எளிதாயிற்று. பிற்காலத்தில் அவற்றோடு வந்ததுதான் குறுக்கெழுத்துப் புதிர். லயத்து இஸ்தோப்பில் விடுகதை போட்டு வளர்ந்தவர்களுக்கு அது முற்றிலும் அந்நியமன்று.

இப்புதிர் 1913 டிசம்பர் 21இல் ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் பிறந்தது. ஆக்கியவர் ஆதர் வின். அது பொருளுக்குச் சொல் கேட்கும் எளிய விளையாட்டு. அதனைக் கடும் பயிற்சியாக்கியவர் இங்கிலாந்தின் எட்வர்ட் பொவிஸ் மதர்ஸ். 1926 முதல் ‘ஒப்சேவர்’ இதழில் ‘டோர்க்கேமாடா’ என்ற புனைபெயரில் எழுதினார். ஸ்பானிய மதவிசாரணைத் தலைவன் ஒருவனின் பெயர் அது! 1939இல் அவர் மறைந்தபின் வந்த மக்நட் என்பார், அவ்வரிசையிலேயே ‘சிமெனிஸ்’ என்ற பெயரைச் சூடினார்.

இவ்விருவருள் கடினமானவர் முன்னவரே. எனினும் மேலானவர் பின்னவர் என்பேன். குறிப்பு ஒவ்வொன்றும் விடையை ஐயமின்றிச் சுட்டவேண்டும் என்பது மக்நட் கொள்கை. 1966இல் அதனை நூலாகவும் வகுத்தார். விடை தெரிந்ததும் மறுப்புக்கு இடமிராது. நம் விடுகதையின் நீதியும் அதுவேயன்றோ?

தமிழில் வேறொரு சங்கடம். ஆங்கிலத்துக்கு எழுத்து 26, நமக்கோ 247. ‘பாட்டு’ என்னும் சொல்லின் நடுக்கட்டத்தில் ‘ட்’ நிற்கும். மெய்யெழுத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் இல்லையாதலால், அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்கவியலாது. ஆக்குவோர்க்கே பாடு அதிகம். விடுவிப்போர்க்கு இரண்டெழுத்துக் கிடைத்தாலே வழி புலப்படும். தண்டியலங்காரம் கூறும் சுழிகுளம், மாலைமாற்று முதலியவற்றைக் கட்டிய புலவர்கள் இவ்விடரை நன்கறிவர்.

இவையனைத்தினும் கடினமானதொன்று உண்டு. அதில் அறிவுக்கு வேலை குறைவு. இந்தியாவில் பரவிய பரிசுப் போட்டிகளில் ஒரே குறிப்புக்கு இரு சொற்கள் பொருந்துவதுண்டு. நடத்துவோர் முன்கூட்டியே குறித்துவைத்த சொல்லே விடை. நுழைவுக் கட்டணம் வேறு! 1955இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டமியற்றி, ஒரு மாதப் பரிசுத் தொகை 1,000 ரூபாயை மீறலாகாதென்றது. திறமை கணிசமாக வேண்டப்படாத போட்டிகள் சூதாட்டமே என்றும், வாணிக உரிமைக்குரிய காப்பு அவற்றுக்கு இல்லையென்றும் 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கூலிப்பணத்தில் நாணயம் எடுத்துக் கட்டணம் செலுத்திய ஏழைக்கு, எத்துணை அகராதி புரட்டினும் அந்தச் சொல் எதுவென்று தெரிந்திராது.