முடிவற்றதைத் தாண்டி ஓர் எண்ணிக்கை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488-ல் (கி.பி. 1095) எழுதி முடித்த ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில், உலகம் தொடக்கமற்றது என்று சாதித்த தத்துவ ஞானிகளை நோக்கி ஒரு கணக்குக் கேட்கிறார்கள். ஞாயிற்றின் கோளம் ஓராண்டில் ஒரு சுற்றை முடிக்கிறது. சனியின் கோளமோ முப்பது ஆண்டுகளில்தான் ஒரு சுற்றை முடிக்கிறது. அப்படியானால் சனி சுற்றிய சுற்றுகள் ஞாயிறு சுற்றியவற்றில் முப்பதில் ஒரு பங்கு. உலகம் தொடக்கமற்றதாயின் இரண்டுமே கணக்கற்றவை. கணக்கற்ற ஒன்று, கணக்கற்ற இன்னொன்றின் முப்பதிலொரு பங்காவது எங்ஙனம்? அந்தச் சுற்றுகளின் தொகை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? ஒன்றைக் கூட்டினால் மாறிவிடும் அந்தத் தன்மை, முடிவற்றதற்கு எப்படிப் பொருந்தும்?

பின்னாளில் இப்னு ருஷ்து இதற்கு மறுமொழி எழுதினார்: விகிதம் என்பது வரம்புடைய இரண்டுக்கு இடையேதான் உண்டு, வரம்பற்ற இரண்டுக்கு இடையே இல்லை என்றார். ஆனால் கஸ்ஸாலி அவர்களுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்பே, பக்தாதில் இதற்கு நேர்மாறாகச் சொன்னவர் ஒருவர் இருந்தார். ஹர்ரான் நகரத்து ஸாபிஈன் கூட்டத்தைச் சேர்ந்த தாபித் இப்னு குர்ரா (இறப்பு ஹிஜ்ரி 288, கி.பி. 901) அவர். இரட்டைப்படை எண்கள் எண்கள் அனைத்தின் பாதி. ஆயினும் அவையும் முடிவற்றவையே. ஆகவே முடிவற்ற ஒன்று மற்றொன்றைவிடப் பெரிதாயிருப்பதில் முரண் ஏதுமில்லை என்பது அவர் துணிபு.

இக்காலத்துக் கணிதம் முழுவதையும் இவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. இவர்கள் கேட்டது கேள்வி. அதைக் கூர்மையாகக் கேட்டதே அவர்களுடைய பெருமை. விடையின் இலக்கணம் வகுக்கப்படுவதற்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் சென்றன.

அதை வகுத்தவர் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக் கழகத்தில் பேராசிரியராயிருந்த கியார்க் கான்டர் (1845–1918). 1872 தொடங்கி அவர் புள்ளிக் கூட்டங்களை ஆராய்ந்து வந்தார். ஒரு கூட்டத்திலிருந்து தனித்து நிற்கும் புள்ளிகளை நீக்குவது, எஞ்சியதிலும் அவ்வாறே நீக்குவது என்று முடிவின்றிச் செய்த பிறகும் சிலவேளை ஏதோ எஞ்சி நிற்பதைக் கண்டார். அந்த எச்சத்தின் மீது மீண்டும் அதே செயலைத் தொடங்கினால், அது எத்தனையாவது படி? அதற்கு எண் இல்லை. எனவே அவரே எண்ணைப் படைத்தார். 1, 2, 3 எனச் செல்லும் எல்லா எண்களுக்கும் அடுத்து வரும் முதல் வரிசையெண்ணுக்குப் பின்னர் ‘ஒமேகா’ எனப் பெயரிட்டார். அதற்கடுத்தது ஒமேகா கூட்டல் 1. 1883-ல் வெளிவந்த நூலில் இதனை விரித்துரைத்தார்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. ஒற்றைப்படை எண்களை எல்லாம் முதலில் நிறுத்தி, அவற்றின் பின்னே இரட்டைப்படை எண்களை நிறுத்துங்கள். அந்த வரிசையில் 2-க்கு முன்னே முடிவற்ற கூட்டம் நிற்கிறது. அது நிற்கும் இடமே ஒமேகா. ஆட்கள் அவர்களேதாம், வரிசை மட்டும் வேறு. இவ்வாறு 1, 2, 3 என்னும் எண்களையே மாற்றி நிறுத்திப் பெறத்தக்க நீளங்களை எண்ணத்தக்க வரிசையெண்கள் என்பர். ஒமேகாவின் இருமடங்கு, ஒமேகாவின் வர்க்கம், ஒமேகாவை ஒமேகா அளவுக்கு அடுக்கேற்றியது ஆகிய அனைத்தும் எண்ணத்தக்கவையே. ஆனால் எண்ணத்தக்க வரிசையெண்கள் எல்லாவற்றையும் ஒன்றாய்த் திரட்டினால் அத்திரள் எண்ணத்தக்கதன்று. கான்டரின் வியத்தகு முடிபு இது.

கஸ்ஸாலி அவர்களின் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. சனியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஞாயிற்றின் ஒரு சுற்றை மிச்சமின்றி இணை சேர்த்துவிடலாம். அவ்வகையில் இரண்டும் சமமே. கான்டரின் எண்களுக்கு ஒற்றை, இரட்டை என்னும் பாகுபாடும் உண்டு. ஒமேகா இரட்டை, அதற்கடுத்தது ஒற்றை என்று கொள்வர். எனினும் இமாம் அவர்கள் சொன்ன சுற்றுகள் பின்னோக்கித் தொடக்கமற்றுச் செல்பவை. கான்டரின் வரிசைகளுக்குத் தலை உண்டு, அவற்றுக்குத் தலை இல்லை. ஆதலால் இந்த எண்களைக் கொண்டு அவற்றை அளக்க இயலாது.

அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீனில் திரிந்துதான் ‘அல்கோரிதம்’ என்னும் சொல் பிறந்தது என்பதை நாம் அறிவோம். அச்சொல் குறிக்கும் செயல்முறைக்குத் துல்லியமான வடிவம் தந்தவர் ஆங்கிலேயரான ஆலன் டூரிங். 1936-ல் அவர் கற்பனை செய்த இயந்திரம் நாடாவில் கட்டம் கட்டமாக 0, 1 எனக் குறித்துச் செல்லும்; விடை கண்டால் நின்றுவிடும். ஓர் இயந்திரம் நிற்குமா, ஓடிக்கொண்டேயிருக்குமா என்பதை எக்காலத்தும் பிழையின்றி முன்கூட்டியே சொல்லும் இயந்திரம் இருக்கவியலாது என்பது அப்பொழுதே தெளிவாயிற்று.

முடிவின்றி ஓடிய பிறகும் அதை ஓடவிட்டால் என்ன? 1989 வாக்கில் ஜோயல் ஹாம்கின்ஸும் ஜெஃப் கிடரும் இதைச் சிந்தித்தனர்; ஹாம்கின்ஸும் ஆண்டி லூயிஸும் எழுதிய கட்டுரை 2000-ல் வெளிவந்தது. ஒமேகா என்னும் வேளை வந்ததும் இயந்திரத்தின் தலை முதற் கட்டத்துக்குத் திரும்புகிறது. ஒரு கட்டத்தில் குறி நிலைபெற்றிருந்தால் அதுவே நிற்கும். ஓயாது மாறிக்கொண்டிருந்தால் 1 நிற்கும். பிறகு ஓட்டம் தொடரும். 1742-ல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் பிறந்த, இன்னும் தீராத புதிரை இதனிடம் கொடுப்போம்: 2-ஐ விடப் பெரிய ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகையா? இயந்திரம் ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து, தவறும் எண் எதிர்ப்பட்டால் முதற் கட்டத்தில் 1 எனப் பொறிக்கட்டும். ஒமேகா வேளையில் அக்கட்டத்தைப் பார்த்தால் போதும். 0 இருந்தால் கோல்ட்பாக் சொன்னது மெய்.

இத்தகைய இயந்திரம் எந்தெந்த வேளைகளில் நிற்கக்கூடும்? இயந்திரத்துக்குரிய கட்டளைகள் எழுத்தில் அடங்குபவை. ஆகவே அவற்றை ஒன்று, இரண்டு என எண்ணிவிடலாம். நிற்கும் வேளைகளும் அவ்வாறே எண்ணத்தக்கவை. அவற்றுக்கெல்லாம் மேலான வரம்பும் ஓர் எண்ணத்தக்க வரிசையெண்ணே. வியப்பு என்னவெனில், அந்த வரம்புக்குள்ளும் இடைவெளிகள் உண்டு. சாதாரணக் கணிப்பொறி விவரிக்கக்கூடிய வரிசைகள் எல்லாம் தீர்ந்துபோகும் இடத்துக்குச் சர்ச்–கிளீனி வரிசையெண் என்று பெயர். அவ்விடத்திலும் அதையடுத்த முடிவற்ற படிகளிலும் எந்த இயந்திரமும் நிற்பதில்லை. அப்பால் மீண்டும் சில நிற்கின்றன. காரணம் எளிது. வேளை திரும்பிய பின் சில படிகளுக்குள் இயந்திரம் சில கட்டங்களையே பார்க்க முடியும். அந்தச் சில கட்டங்கள் அதே தோற்றத்தில் முன்னொரு திருப்பத்திலும் இருந்திருக்கின்றன. நிற்பதாயிருந்தால் அப்போதே நின்றிருக்கும்!

நிற்கும் வேளைகளின் அந்த மேல் வரம்பு, இவ்வியந்திரங்கள் நாடாவில் எழுதி முடிக்கவல்ல வரிசையெண்களின் மேல் வரம்பே என்பதைப் பிலிப் வெல்ச் 2000-ல் நிறுவினார். நில்லாத இயந்திரமோ எண்ணத்தக்க ஏதோ ஒரு வேளைக்குள் மீளாச் சுழலில் விழுந்துவிடும். அந்த வரம்பை எழுதி முடித்து நிற்கும் இயந்திரம் எதுவும் இல்லை. அதை நாடாவில் எழுதி, ஒரு வேளைக்குப் பின் மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் இயந்திரம் உண்டு. ஆனால் எழுதியாயிற்று என்பது அதற்குத் தெரியாது, அது ஓடிக்கொண்டேயிருக்கும்.