நெட்டித் தொப்பியின் ஆட்சி

நாடாண்ட வெள்ளையனைப் படமாகத் தீட்டச் சொன்னால், ஓவியன் முகத்தை வரையுமுன் தொப்பியை வரைந்துவிடுவான். கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோன்ற அந்தப் பெருந்தொப்பி தலையில் ஏறிவிட்டால் போதும். கீழே நிற்பவர் கலெக்டரா, காப்பித் தோட்டத்துக்காரரா, போலீஸ் அதிகாரியா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. துரை என்பது தெரிந்துவிடும்! மணிமுடி இலண்டனில் இருந்தது. இங்கே ஊர்தோறும் உலவி அதிகாரம் செலுத்தியது தொப்பி.

அத்தொப்பி எதனால் ஆனது? குளங்குட்டைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் நெட்டிச் செடியின் தண்டினால் ஆனது. தஞ்சைக் கைவினைஞர் வெண்ணிறக் கோபுரங்களைச் செதுக்கிக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பார்களே, அதே நெட்டிதான். வடபுலத்தில் அதற்குச் 'சோலா' என்று பெயர். ஆங்கிலேயர் நாவில் அது 'சோலார்' ஆயிற்று. அவர்கள் மொழியில் 'சோலார்' என்றால் கதிரவனைச் சார்ந்தது என்று பொருள். செடியின் பெயர் சூரியனின் பெயராகிவிட்டது! சொல்லிலே புகுந்த பிழை சிறிது. அந்தத் தொப்பியைச் சுற்றிக் கருத்திலே புகுந்த பிழையோ பெரிது. நூறாண்டுக் காலம் படையையும் மருத்துவத்தையும் ஆட்சியையும் ஆட்டிவைத்த பிழை அது.

வெள்ளையர் இந்நாட்டுக்கு வந்த நாளிலேயே தொப்பியோடு வந்தவர்களல்லர். 1615-இல் ஜஹாங்கீர் அவைக்குத் தூதராக வந்த சர் தாமஸ் ரோ, தாமும் தம் பரிவாரமும் ஆங்கில உடையையே அணிய வேண்டும் என்று உறுதியாக இருந்தார். அவர் மன்னரின் தூதர். மன்னரின் மிடுக்கை உடலிலே சுமந்தாக வேண்டும். ஆனால் மிளகும் துணியும் வாங்கி விற்கவந்த கம்பெனி ஊழியருக்கு அந்தத் தொல்லை இல்லை. அலுவல் முடிந்ததும் இறுக்கிய கோட்டைக் கழற்றி எறிந்தனர். தொளதொளப்பான பைஜாமாவை அணிந்தனர். மெல்லிய பருத்தி அங்கியைப் போர்த்தினர். தாழ்வாரத்திலே காற்று வாங்கினர். 'பைஜாமா' என்ற சொல்லே காலுக்கான உடை என்று பொருள்படும் பாரசீகச் சொல். குசராத்து வணிகரைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தத் தளர்ந்த மேலங்கிக்குப் 'பனியன்' என்ற பெயர் வந்தது. அந்தப் பெயர்தான் உருமாறி, இன்று திருப்பூரில் நெய்து உலகெங்கும் அனுப்பும் உள்ளாடையின் பெயராக வாழ்கிறது. பத்தேவியாவில் வாழ்ந்த டச்சுக்காரரும் வீட்டிலே கபாயாவும் தளர்ந்த கால்சட்டையும் அணிந்து வாழ்ந்தவர்களே.

அக்காலத்திலும் வெயில் இருந்தது. வெள்ளைத் தோலும் இருந்தது. நெட்டித் தொப்பிதான் இல்லை. வந்தவர்களில் பலர் இளமையிலேயே மாண்டனர் என்பது உண்மை. அவர்களை மாய்த்தவை மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வாந்திபேதியும். கொசுவும் கெட்ட நீரும் செய்த கொலைக்குக் கதிரவன்மீது பழி விழுந்தது!

வணிகர் ஆள்வோராக மாறினர். ஆள்வோர் ஆனதும் உடையின் பொருளும் மாறிற்று. 1757-இல் பிளாசியில் தொடங்கிய மாற்றம் உடைவரை வந்துசேர எழுபதாண்டுக்கு மேலாயிற்று. 1830-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஆணை பிறப்பித்தது: கம்பெனி ஊழியர் பொது நிகழ்ச்சிகளில் இந்திய உடை அணியலாகாது! வடஇந்தியாவில் நீதிபதியாக இருந்த பிரெடரிக் ஜான் ஷோர் என்பவர், இந்நாட்டு உடையிலேயே வழக்குமன்றத்தில் அமர்ந்தவர். அவரைப் போன்றோருக்கு விழுந்த கடிவாளம் அது. பருத்தி உடை உடலுக்குக் கெடுதி என்றா ஆணை சொல்லிற்று? இல்லை. ஆளப்படுவோரைப் போல ஆள்வோர் தோன்றலாகாது, அவ்வளவுதான். உடலின் நலம் ஒரு பக்கம், அதிகாரத்தின் மிடுக்கு மறுபக்கம். தராசு மிடுக்கின் பக்கம் தாழ்ந்தது.

இதற்கு விலை கொடுத்தவன் யார்? மாளிகையில் விசிறி இழுக்க ஆள் வைத்திருந்த துரையல்லன். கூலிக்குப் போர்செய்ய வந்த ஆங்கில நாட்டு ஏழைச் சிப்பாய்! கம்பளியால் ஆன சிவப்புக் கோட்டு, கழுத்தை நெரிக்கும் தோற்பட்டை, தோளிலே சுமை. குளிர்நாட்டுக்குத் தைத்த அந்த உடையோடு மே மாத வெயிலில் அவனை நடத்திச் சென்றனர். 1857-ஆம் ஆண்டுப் போரில், எதிரியின் குண்டு படாமலே வெப்பத்தால் சுருண்டு விழுந்தோர் பலர். ஜூலியஸ் ஜெப்ரீஸ் என்ற மருத்துவர் 1858-இல் ஒரு நூலே எழுதினார். உடையையும் உறையுளையும் மாற்றினால் படை பிழைக்கும் என்பது அவர் வாதம். அதற்கு முன்பே, 1846-இல், பெஷாவர்ப் பகுதியில் ஹாரி லம்ஸ்டன் தம் படைக்குப் புழுதி நிறத்தில் தளர்ந்த உடை கொடுத்திருந்தார். 'காக்' என்றால் மண். 'காக்கி' என்றால் மண்ணின் நிறம். மெல்ல மெல்ல அந்த மண்ணிறம் சிவப்பைத் தோற்கடித்தது.

அறிவு வென்றுவிட்டது என்று மகிழலாமா? அதுதான் இல்லை! ஓர் அறியாமை முன்வாயிலால் வெளியேற, வேறோர் அறியாமை மருத்துவ அங்கி மாட்டிக்கொண்டு பின்வாயிலால் நுழைந்தது.

வெப்பநாட்டில் வெள்ளையன் உயிரோடிருக்க மூன்று காப்புகள் வேண்டும் என்றனர். முதலாவது தலைக்கு நெட்டித் தொப்பி. இரண்டாவது முதுகெலும்பின் நீளத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்த திண்டு. கதிரவனின் ஒளி முதுகுத்தண்டைத் தாக்காமல் இருக்கவாம்! மூன்றாவது வயிற்றைச் சுற்றிக் கட்டும் பிளானல் கச்சை. 'காலராக் கச்சை' என்றே அதற்குப் பெயர். வயிறு குளிர்ந்தால் வாந்திபேதி வரும் என்பது கோட்பாடு. இந்த நாட்டுக் கோடையில், அரையைச் சுற்றிக் கம்பளி! தாயத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தாயத்து உடலைப் புழுக்குவதில்லை, இது புழுக்கிற்று. வேறுபாடு அவ்வளவே.

1854-இல் ஜான் ஸ்னோ, இலண்டனில் வாந்திபேதி குடிநீரால் பரவுவதைக் காட்டினார். 1884-இல் ராபர்ட் காக், அந்நோயின் கிருமியைக் கல்கத்தாவிலேயே கண்டு உலகுக்கு அறிவித்தார். கச்சை அவிழ்ந்ததா? இல்லை! கிருமி கண்ட பின்னரும் பல்லாண்டு சிப்பாய்களின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கிடந்தது. கண்டுபிடிப்பு ஓர் ஆண்டில் வருகிறது. பழக்கம் போவதற்குத் தலைமுறைகள் ஆகின்றன.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. பழைய அச்சத்துக்குப் புதிய விளக்கம் கிடைத்தது. அமெரிக்கப் படை மருத்துவர் சார்லஸ் உட்ரப் 1905-இல் ஒரு நூல் வெளியிட்டார். வெப்பத்தைவிட, கண்ணுக்குப் புலனாகாத கதிர்களே வெள்ளையரின் நரம்பையும் மூளையையும் கெடுக்கின்றன என்றார் அவர். இலண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த லூயி சாம்பன், கதிரைத் தடுக்கச் சிவப்பு நூல் ஊடாடிய துணியையே உருவாக்கினார். 'சோலாரோ' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கருநிறத்தோலுக்குச் சிவப்புத் துணி மாற்று என்பது கணக்கு.

இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க ஒருவர் முன்வந்தார் என்பதுதான் இவ்வரலாற்றில் நெஞ்சை நிறைக்கும் செய்தி. பிலிப்பைன்சில் இருந்த அமெரிக்கப் படை மருத்துவர் ஜேம்ஸ் பேலன் ஆயிரம் சிப்பாய்களைத் தேர்ந்தெடுத்தார். ஐந்நூறு பேருக்கு ஆரஞ்சுச் சிவப்பு நிற உள்ளாடை. மற்ற ஐந்நூறு பேருக்கு வழக்கமான வெள்ளை உள்ளாடை. ஓராண்டுக் காலம் எடை பார்த்தார், இரத்தம் பார்த்தார், நோய்க் கணக்கு எடுத்தார். 1910-இல் முடிவை வெளியிட்டார். சிவப்பு உள்ளாடையால் ஒரு நன்மையும் இல்லை. அணிந்தவர்களுக்கு வெப்பத்தின் சுமைதான் கூடிற்று! கோட்பாட்டைக் கும்பிடாமல் சோதனைச் சாலைக்கு இழுத்துவந்த அந்தச் செயலன்றோ அறிவியல்!

வெப்பம் உண்மையில் எப்படித் தாக்குகிறது? 1905-இல் ஜே. எஸ். ஹால்டேன் அதையும் விளக்கியிருந்தார். அவர் ஆராய்ந்த இடங்களில் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களும் உண்டு. அங்கே கதிரவனே கிடையாது! ஆயினும் உழைப்பாளியின் உடற்சூடு ஏறிற்று. காரணம், காற்றின் ஈரம். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் வியர்வை வழியும், உலராது. ஈரக் குமிழ் வெப்பமானி ஏறத்தாழ 31 பாகை செல்சியசைத் தாண்டினால், காற்றோட்டமில்லாத இடத்தில் உழைப்பவன் உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் திணறுகிறது. ஆகவே வேண்டியது காற்று புகும் தளர்ந்த உடை, நிழல், தண்ணீர், ஓய்வு. வியர்வையை அடைத்துவைக்கும் திண்டும் கச்சையும் காப்பல்ல, கேடு.

சான்று வந்த பின்னும் தொப்பி ஏன் இறங்கவில்லை? மருத்துவ ஏட்டில் இதற்கு விடை தேடிப் பயனில்லை. அரசியலில் தேட வேண்டும்.

வெள்ளையனின் மண்டையோடு மெல்லியது. இந்நாட்டவனின் மண்டையோடு தடித்தது. ஆதலால் அவனுக்குத் தொப்பி வேண்டாம் என்று ஒரு கதை வழங்கிற்று. பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1944-இல் 'ட்ரிப்யூன்' இதழில் இதைத் தோலுரித்துக் காட்டினார். ஆள்வோரும் ஆளப்படுவோரும் உடற்கூற்றிலேயே வேறானவர்கள் என்று நம்பவைப்பது ஏகாதிபத்தியத்தின் தூண்களுள் ஒன்று. அந்தத் தொப்பி அந்த நம்பிக்கையின் சின்னம் என்பது அவர் கருத்து. பிறப்பினால் தலை வேறு, தோள் வேறு, கால் வேறு என்ற கட்டுக்கதையைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதா? அங்கே புராணம் சொன்னது. இங்கே மண்டையோடு சொன்னது. சொன்னவர் வேறு, சொன்னதன் பயன் ஒன்றே.

அந்தப் பயனை எண்ணிப் பாருங்கள். வெயில் வெள்ளையனை மட்டும்தான் தாக்கும் என்றால், வெயிலில் உழைப்பவனுக்கு நிழல் எதற்கு? தண்ணீர் எதற்கு? நண்பகல் ஓய்வு எதற்கு? வெப்பநாட்டு உடல் வெப்பத்தில் உழைக்கவே அமைந்தது என்ற இக்கொள்கையே கரும்புத் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலிகளைக் கப்பலேற்றத் துணைநின்றது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் நத்தாலுக்கும் பிஜிக்கும் போன தமிழன் தடித்த மண்டையோடு பெற்றவன் என்று தோட்டத்துரை நம்பியது, துரைக்கு எவ்வளவு வசதி!

அந்த நம்பிக்கை பொய் என்பதற்குச் சான்று ஆஸ்திரேலியாவிலேயே கிடைத்தது. குவின்சுலாந்தின் கரும்பு வயல்களில் பசிபிக் தீவினரே உழைக்க முடியும். வெள்ளையரால் இயலாது என்றனர். 1901-இல் வெள்ளையர் மட்டுமே வாழும் நாடு வேண்டும் என்ற நிறவெறியால் தீவினரை வெளியேற்றச் சட்டம் இயற்றினர். பிறகு கரும்பு வெட்டியவர் யார்? வெள்ளையரே! கதிரவன் அவர்கள் மூளையை உருக்கவில்லை. ஒரு நிறவெறி, இன்னொரு நிறவெறியைப் பொய்யாக்கிய வேடிக்கை அது.

கடைசி அடி உலகப் போரில் விழுந்தது. 1942-இல் இந்தியாவுக்கு வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் சிறு துணித் தொப்பியோடும், சில வேளை சட்டைகூட இல்லாமலும் வெயிலில் திரிந்தனர். செத்து விழவில்லை! ஆங்கிலப் படைவீரனோ தொப்பியின்றி வெயிலில் நின்றால் தண்டனை பெற வேண்டியவன். அவன் வாய்பிளந்து பார்த்தான். பர்மாப் போர்முனையில் ஸ்லிம் தலைமையில் போரிட்ட பதினான்காம் படை, மடங்கிய விளிம்புடைய மெத்தென்ற தொப்பியை ஏற்றது. ஆண்டுக்கணக்கில் ஏடுகள் சொன்னதை ஏற்காதவர்கள், அருகில் நின்றவனைக் கண்ட பிறகு ஏற்றனர். 1947-க்குப் பிறகு தாயகம் திரும்பிய துரைமார் பலர், கப்பலிலிருந்து தொப்பியைக் கடலில் வீசினர். ஆட்சி போயிற்று, அதன் காப்பும் மிதந்து போயிற்று. ரென்பர்ன் என்ற ஆங்கிலப் படை மருத்துவர் 1956 முதல் 1962 வரை முதுகுத் திண்டு, கச்சை, தொப்பி ஆகிய மூன்றின் வரலாற்றையும் ஆராய்ந்து எழுதி, அவற்றுக்கு முடிவுரை கூறினார்.

இன்று சென்னையில் பணிபுரிய வரும் வெளிநாட்டவர் மெல்லிய பருத்திச் சட்டையோடு கடைவீதியில் நடக்கிறார். தளர்ந்த கால்சட்டையோடு கடற்கரையில் அமர்கிறார். மூன்று நூற்றாண்டுக்கு முன் கம்பெனிக் குமாஸ்தா தாழ்வாரத்தில் கண்ட சுகத்துக்கு அவர் திரும்பி வந்துவிட்டார். திரும்பாதவர் நாம்தாம்! அவர்கள் விட்டுச்சென்ற மன்றங்களின் வாயிலில் வேட்டி தடுக்கப்பட்டது. 2014-இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே வேட்டி கட்டியதற்காகச் சென்னையில் ஒரு மன்றத்துள் நுழையவிடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அதன்பின் அவ்வாண்டே, வேட்டிக்குத் தடை போடுவதைத் தண்டிக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆணையிட்ட கம்பெனியின் ஆட்சி மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், 1830-ஆம் ஆண்டு ஆணையின் நிழல் வாயிற்காவலனிடம் நின்றது!

இதனால் வெயில் பொய் என்று எவரும் கொள்ள வேண்டாம். கதிரவனின் புறஊதாக் கதிர் தோலுக்குக் கேடு செய்யும். வெப்பம் உயிரையும் குடிக்கும். வெயிலில் தலையை மறைப்பது அறிவுடைமையே. உழவன் கட்டும் முண்டாசு அந்த அறிவுதான். வெப்பம் எந்த மண்டையோட்டையும் அளந்து பார்ப்பதில்லை. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்க வகைசெய்தது. தடித்த மண்டையோட்டுக் கதைக்கு இந்நாட்டு அரசேட்டில் எழுதப்பட்ட மறுப்பு அது.

இளைஞர் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கைக்கொள்ள வேண்டும். மூடநம்பிக்கை எப்போதும் காவி கட்டியோ சாம்பல் பூசியோ வருவதில்லை. மருத்துவப் பட்டத்தோடும் வரும், அரசாணையோடும் வரும், ஆங்கிலத்தில் அச்சேறியும் வரும். சொன்னவர் யார் என்று பார்த்து வணங்குவதை விட்டு, சோதித்தவர் யார், சோதனை சொன்னது என்ன என்று கேட்கப் பழகுவோம். கூடவே, அந்தக் கருத்தால் யாருக்கு வசதி, யாருக்கு வியர்வை என்றும் கேட்போம். தார் உருக்கிச் சாலை போடுகிறவனுக்கும் சூளையில் செங்கல் சுமப்பவளுக்கும் நண்பகலில் நிழலும் நீரும் ஓய்வும் கிடைக்கின்றனவா என்று நம் ஊரிலேயே சென்று பார்ப்போம். கிடைக்கவில்லையென்றால், நெட்டித் தொப்பி கடலில் போயிற்றே தவிர, அதை அணிந்திருந்த எண்ணம் இன்னும் கரையேறி நிற்கிறது என்றுதான் பொருள்.