தீயை விட்டுவிட்ட பெயர்

நெல் காய்கிறது, துணி காய்கிறது, உடம்பும் காய்கிறது. ‘மேய்’ மேய்ச்சலையும் ‘பாய்’ பாய்ச்சலையும் தந்ததுபோல ‘காய்’ தந்த பெயர்தான் காய்ச்சல். ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ நீர் கட்டும் உழவருக்கு அது நோயே அல்ல, வயலைக் காயவிடும் முறை. கிரேக்கரும் வெப்பத்தை வைத்தே பெயரிட்டார்கள். தீயைக் குறிக்கும் ‘பைர்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது, காய்ச்சலுக்கு அவர்கள் வைத்த ‘பைரெட்டோஸ்’. அதே வேரைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் ‘பைரோஜன்’ என்ற சொல்லைக் கட்டினார்கள். காய்ச்சலை மூட்டும் பொருள் என்று அதற்கு அர்த்தம்.

மூட்டுவது கிருமி மட்டும்தானா? 1948இல் பால் பீசன் முயலின் வெள்ளணுக்களிலிருந்து பிரித்த ஒரு பொருளே காய்ச்சலைத் தருவதாக அறிவித்தார். 1955இல் அட்கின்ஸும் உட்டும் காய்ச்சல் கண்ட முயலின் இரத்தத்தில் அப்படியொரு பொருள் ஓடுவதைக் காட்டினார்கள். உடம்பே உண்டாக்குவதால் அது ‘அகப் பைரோஜன்’ ஆயிற்று.

அதன் பிறகுதான் பெயர்க் குழப்பம். லிம்போசைட்டுகளைத் தூண்டும் பொருள் ஒன்றை 1972இல் வேறு சிலர் கண்டு ‘லாஃப்’ என்றார்கள். மூட்டின் குருத்தெலும்பு கரைவதை ஆராய்ந்தவர்கள் தாங்கள் கண்டதைக் ‘கேட்டபாலின்’ என்றார்கள். ஒவ்வொருவரும் தம் சோதனையில் தெரிந்த வேலையையே பெயராக வைத்தார்கள். தேடியதெல்லாம் ஒரே பொருளை.

1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் ஊரில் கூடிய ஆய்வாளர்கள் ‘இன்டர்லூகின்’ என்ற பொதுப்பெயரை முன்வைத்தார்கள். லத்தீன் ‘இன்டர்’ என்றால் இடையே. கிரேக்க ‘லூகோஸ்’ என்றால் வெள்ளை. வெள்ளணுக்களுக்கு இடையே தூது போவது என்பது கருத்து. லாஃப் ‘இன்டர்லூகின்-1’ ஆனது. அகப் பைரோஜனும் அதற்குள் அடங்கியது. குழப்பம் தீர்ந்தது உண்மை. ஆனால் பெயர் பிழையானது என்றே சொல்வேன். தோலின் செல்களும் மூளையின் செல்களும்கூட இதைச் சுரக்கின்றன; இது கொண்டுபோகும் செய்தியும் வெள்ளணுக்களோடு நிற்பதில்லை, மூளைவரை போகிறது.

அந்தச் செய்தி போகும் வழி இது. இரத்தத்தில் வரும் இன்டர்லூகின்-1 மூளை இரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தட்டுகிறது. அங்கே புரோஸ்டாகிளாண்டின் இ2 உருவாகி, வெப்பத்தை ஆளும் ஹைப்போதலாமஸின் அளவுகோலை உயர்த்துகிறது. பாராசிட்டமாலும் ஆஸ்பிரினும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்துத்தான் காய்ச்சலைத் தணிக்கின்றன. அளவுகோல் ஏறும் நேரத்தில் தெர்மாமீட்டர் 100 டிகிரி காட்டும், மூளையோ 103 கேட்கும். அந்த மூன்று டிகிரிக்காகத்தான் பல் கிட்டுகிறது, போர்வைக்குள் உடம்பு தூக்கிப்போடுகிறது. தொட்டால் சுடுகிறவர் ‘குளிருது’ என்பது பிதற்றல் அல்ல. நெருப்பருகே உட்காருவதைக் ‘குளிர்காய்தல்’ என்கிறோமே, அங்கேயும் இதே ‘காய்’தான். குளிரையும் சூட்டையும் சேர்த்துச் சொல்லும் ‘குளிர்காய்ச்சல்’ என்ற நம் சொல், ஹைப்போதலாமஸ் செய்வதை அப்படியே சொல்கிறது.

இன்டர்லூகின் வரிசை இன்று நாற்பதை எட்டிவிட்டது. அந்தப் பெயரில் தீ இல்லை. பழைய பைரோஜனைப் பார்க்க வேண்டுமென்றால் சலைன் பாட்டிலின் சீட்டைப் படியுங்கள். காய்ச்சல் மூட்டும் நஞ்சு கலக்கவில்லை என்று சொல்லும் இடத்தில் அந்தச் சொல் இன்னும் அச்சாகிறது.