பொதுவெளியும் ஸ்கேட்போர்டு ஆட்டமும்: பிலடெல்பியா ‘லவ்’ பூங்காவை முன்வைத்து

முன்னுரை

ஒரு விளையாட்டு அடையும் புகழும் அதனை ஆடுவோர் பெறும் சமூக ஏற்பும் ஒன்றல்ல. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. எனினும், அவ்விளையாட்டை வளர்த்த நகரப் பொதுவெளிகள் பலவற்றில் அது தடைக்கு உள்ளானது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஜான் எஃப். கென்னடி சதுக்கத்தின் வரலாறு இம்முரணைத் தெளிவாகக் காட்டுகிறது.

பூங்காவும் ஆடுகளமும்

1965இல் அமைக்கப்பட்ட இச்சதுக்கம், 1976இல் அங்கு முதலில் வைக்கப்பட்ட ராபர்ட் இந்தியானாவின் சிற்பத்தால் ‘லவ்’ பூங்கா என வழங்கலாயிற்று. மக்கள் அமர்ந்து இளைப்பாறுவதற்கென அமைந்த கிரானைட் விளிம்புகளும் அகன்ற படிகளும் ஸ்கேட்போர்டு ஆடுவோருக்கு இயல்பான களமாயின. 1990களில் அங்கு எடுக்கப்பட்ட ஒளிநாடாக்கள் வழியே பூங்கா உலகப் புகழ் பெற்றது. மறுபுறம், கற்கள் சிதைவதும் நடந்து செல்வோரின் பாதுகாப்பும் நகர நிர்வாகத்தின் கவலைகளாயின. இக்கவலைகள் அடிப்படையற்றவை அல்ல.

தடையும் எதிர்ப்பும்

2000இல் நகர்மன்றம் பொது இடங்களில் ஸ்கேட்போர்டு ஆடுவதைத் தடைசெய்தது. ஆனால் 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் எக்ஸ் கேம்ஸ் போட்டிகளை நடத்தியதும் அதே நகரமே. கட்டணக் காட்சியாகவும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவும் வரவேற்கப்பட்ட ஆட்டம், கட்டணமின்றி ஆடப்பட்ட இடத்தில் குற்றமாயிற்று.

2002இல் பூங்கா மாற்றியமைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், பூங்காவின் கருத்தாக்கத்திற்கு மூலவரும் நகரத் திட்ட ஆணையத்தின் முன்னாள் நிர்வாக இயக்குநருமான எட்மண்ட் பேக்கன், தமது 92ஆம் வயதில் தலைக்கவசம் அணிந்து, பிறர் தாங்கிப் பிடிக்க, பலகை மீதேறித் தடையை மீறினார். திட்டமிட்டவர் எண்ணாத பயன்பாடும் பொதுவெளியின் உயிர்ப்புக்குச் சான்றாகும் என்பதே அச்செயல் உணர்த்திய பொருள் எனலாம். 2004இல் டிசி ஷூஸ் நிறுவனம் பராமரிப்புக்கென 10 இலட்சம் டாலர் தர முன்வந்தும் தடை நீங்கவில்லை. ஆகவே, பழுதுபார்க்கும் செலவு மட்டுமே சிக்கலாக இருக்கவில்லை என்பது பெறப்படும்; பொதுவெளியில் யார் தங்கலாம் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

முடிவுரை

2013இல் ஸ்கேட்போர்டுக்கெனத் தனியாகப் பெயின்ஸ் பூங்கா திறக்கப்பட்டது. 2016இல் ‘லவ்’ பூங்கா மறுசீரமைப்புக்காக மூடப்படுவதற்குமுன், சில நாள்கள் மட்டும் மேயர் ஜிம் கென்னி தடையைத் தளர்த்தினார். அகற்றப்பட்ட கிரானைட் கற்களில் ஒரு பகுதி சுவீடனின் மால்மோ நகருக்குச் சென்று, அங்கு மீண்டும் ஆடுகளமாயிற்று. ஒரு நகரம் காக்க முனைந்த கற்களை மற்றொரு நகரம் ஆட்டத்திற்கென்றே ஏற்றுக்கொண்டது. தனி மைதானம் அளிப்பது ஏற்பின் ஒரு படிநிலையே. பொதுவெளியைப் பகிர்ந்துகொள்வதே அதன் நிறைவு என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது.