28-ஐத் தேடிப்போன 18

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், எர்ன்ஸ்ட் லைட்ஸ் நுண்ணோக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஊர் சுற்றிப் படம் எடுப்பதில் தீராத ஆசை. ஆனால் அவருக்கு ஆஸ்துமா. கனத்த கேமரா, கண்ணாடித் தகடுகள், முக்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேடேறினால் மூச்சு வாங்கியது. சினிமா ஃபிலிம் அவர் கண்ணில் பட்டது. அதில் ஒரு படச்சட்டம் 18-க்கு 24 மில்லிமீட்டர். இது போதாது என்று பார்னாக் அதை இரட்டிப்பாக்கினார்: 24-க்கு 36. 1914 வாக்கில் கைக்கு அடக்கமான மாதிரிக் கேமரா தயார். போரும் பணவீக்கமும் குறுக்கே வந்ததால், 1925-ல் லைப்ஸிக் வசந்தகாலக் கண்காட்சியில்தான் ‘லைக்கா’ வெளியே வந்தது. ஒரு மனிதரின் மூச்சுத்திணறலுக்காகப் பிறந்த அந்தச் சட்ட அளவு, முக்கால் நூற்றாண்டு கழித்து ஜப்பானியப் பொறியாளர்களைப் பாடாய்ப் படுத்தக் காத்திருந்தது.

24-க்கு 36 சட்டத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. லென்ஸின் குவியத் தொலைவு அதை ஒட்டி இருந்தால் படம் இயல்பாகத் தெரியும். லைக்காவுக்கு மாக்ஸ் பெரெக் வடிவமைத்த லென்ஸ் 50 மி.மீ. ஆனால் சின்னக் கூடத்தில் குடும்பம் மொத்தமும் வரிசையாக நின்றால் 50-க்குள் அடங்காது; 28 வேண்டும். மணப்பெண்ணின் முகத்தை மட்டும் அழகாக எடுக்க 85, 90 வேண்டும். 28, 50, 90 என்ற எண்கள் ஒரு தலைமுறையின் கையிலும் கண்ணிலும் ஊறிப்போயின. மூன்று லென்ஸ்களைச் சுமந்து, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். மூன்றும் ஒரே குழாய்க்குள் இருந்தால் எப்படி இருக்கும்?

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பேக் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். திரைப்படக் கேமராவுக்கும் தொலைக்காட்சிக்கும் அவர் ஏற்கெனவே ஜூம் லென்ஸ் செய்திருந்தார். 1959-ல் அவருடைய வடிவமைப்பில், 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸை ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் வெளியிட்டது. பெயர் ‘ஸூமார்’, வீச்சு 36 முதல் 82 வரை. உள்ளே 14 கண்ணாடி வில்லைகள். கனமோ கனம், விலையோ கொள்ளை. 1963-ல் நிக்கான் 43–86 என்று மலிவான, சின்ன ஜூம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது நன்றாக விற்றது. ஆனால் நேர்ச்சுவர்கள் வளைந்தன, ஓரங்கள் கலங்கின. ஜூம் என்றாலே மட்டம் என்ற பேச்சு தொழில்முறைப் படக்காரர்களிடம் வேரூன்றிவிட்டது.

பெயரைக் காப்பாற்றியது 1973-ல் வந்த கேனனின் 35–70. வில்லைகளை இரண்டே குழுக்களாகப் பிரித்து, இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும்படி அமைத்தார்கள். கணக்குகளைக் கணினி போட்டது. அதன்பின் வழி திறந்துகொண்டது. தொண்ணூறுகளிலும் அதை ஒட்டியும் 28–80, 28–90 என்ற லேசான ஜூம்கள் கேமராப் பெட்டிக்குள்ளேயே சேர்த்து விற்கப்பட்டன. கூடத்துக்கு 28, முகத்துக்கு 80. முப்பது ஆண்டுப் போராட்டம் முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியானபோது, ஃபிலிமே விடைபெறத் தொடங்கியது.

1991-ல் கோடாக் நிறுவனம், நிக்கான் எஃப்3 உடலுக்குள் 1.3 மெகாபிக்சல் சென்சாரை வைத்து டிசிஎஸ் என்ற டிஜிட்டல் கேமராவை விற்றது. படங்களைச் சேமிக்கத் தோளில் தனிப்பெட்டி ஒன்று தொங்கியது. லென்ஸ்கள் எல்லாம் பழைய நிக்கான் லென்ஸ்களே. சென்சாரின் அளவு மட்டும் 20.5-க்கு 16.4 மி.மீ. லென்ஸ் பழையபடி 24-க்கு 36 பரப்பு முழுவதும் பிம்பத்தை விரித்தது. சென்சாரோ நடுப்பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு ஓரங்களை வெட்டி எறிந்தது. 28 மி.மீ. லென்ஸ் மாட்டினால் 50 மாட்டியதுபோல் தெரிந்தது. பார்னாக் ‘போதாது’ என்று ஒதுக்கிய சினிமாச் சட்டத்தின் அளவுக்கே புகைப்படக்கலை கிட்டத்தட்டத் திரும்பியிருந்தது!

இதை ஒப்புக்கொள்ள மறுத்தவர்களும் இருந்தார்கள். 1995-ல் நிக்கானும் ஃபியூஜியும் சேர்ந்து ஒரு துணிச்சலான வேலை பார்த்தன. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் இன்னொரு வில்லைத் தொகுதியை வைத்து, முழுப் பிம்பத்தையும் சின்னச் சென்சாருக்குள் சுருக்கின. ஓரம் வெட்டுப்படவில்லை, 28 மறுபடி 28 ஆனது. ஆனால் கேமரா பருத்துக் கொழுத்தது. எவ்வளவு வெளிச்சமான லென்ஸ் மாட்டினாலும் துவாரம் எஃப்6.7-க்கு மேல் திறக்கவில்லை. மங்கலான மண்டபத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தப் பாதை அங்கேயே மூடிக்கொண்டது.

சென்சாரைப் பெரிதாகச் செய்துவிட்டால் தீராதா? தடை சிலிக்கான் தட்டில் இருந்தது. வட்டமான ஒரு தட்டில் பல சென்சார்களைப் பதித்து வெட்டி எடுக்கிறார்கள். 24-க்கு 36 அளவு சென்சாரின் பரப்பு சின்னதைவிட இரண்டரை மடங்கு. ஒரு தட்டில் கிடைக்கும் எண்ணிக்கை குறைகிறது. தட்டில் விழும் ஒவ்வொரு குறையும் பெரிய சென்சார் ஒன்றையே காவு வாங்குகிறது. போதாக்குறைக்கு, பதிக்கும் இயந்திரம் ஒரே முறையில் பதிக்கக்கூடிய பரப்பைவிட அது பெரிது. துண்டு துண்டாகப் பதித்து ஒட்டவேண்டும். 2000-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் பென்டாக்ஸும் கான்டாக்ஸும், பிலிப்ஸ் செய்த முழு அளவு சென்சாரோடு கேமரா வருகிறது என்று அறிவித்தன. அடுத்த ஆண்டே பென்டாக்ஸ் கைவிட்டது. கான்டாக்ஸின் கேமரா 2002-ல் வந்து, வந்த வேகத்தில் மறைந்தது. அதே 2002-ல் கேனன் ‘1டிஎஸ்’ஸில் முழு அளவைச் சாதித்துக் காட்டியது. விலை 7,999 டாலர். சாதாரண வீடுகளுக்குப் போகும் கேமராவில் சின்னச் சென்சார்தான் என்பது உறுதியானது.

அந்தச் சின்னச் சென்சாருக்கு வாய்த்த பெயரும் விசித்திரமானது. 1996-ல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து ஏபிஎஸ் என்ற புது ஃபிலிமைக் கொண்டுவந்தன. டிஜிட்டல் வந்து அதை விழுங்கியது. அதன் ‘சி’ வகைச் சட்டத்தை ஒத்திருந்ததால் சென்சாருக்கு ஏபிஎஸ்-சி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. தன்னைக் கொன்றவனுக்கே பெயரைக் கொடுத்துவிட்டுப் போனது அந்த ஃபிலிம்.

1999-ல் நிக்கான் டி1, 2000-ல் கேனன் டி30. விளையாட்டுப் படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம்; 300 மி.மீ. லென்ஸ் டி1-ல் 450 போல எட்டியது. கூடத்தில் படம் எடுப்பவர்களுக்கோ திண்டாட்டம். 28–80 ஜூமை டி30-ல் மாட்டினால், ஓரம் வெட்டுப்பட்டு, 1.6 மடங்காகி அது 45–128 ஆகிவிட்டது. முகத்துக்கு வேண்டியதற்கு மேல் இருக்கிறது, குடும்பத்துக்கு இடமில்லை. பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டியது. வசதி உள்ளவர்கள், ஃபிலிமுக்காகச் செய்த 17–35 போன்ற ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட அகலக்கோண ஜூமை வாங்கி, அதையே அன்றாட லென்ஸாக வைத்துக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்களுக்கு?

சின்னச் சென்சாரில் 28-ன் பார்வை கிடைக்க 18 வேண்டும். மலிவான 18 செய்வதற்குக் குறுக்கே நின்றது மிரர். எஸ்எல்ஆர் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே இருக்கும் மிரர் மேலே எழும்பவேண்டும். அதற்கு இடம் விட்டு லென்ஸ் முன்னால் தள்ளியே நிற்கவேண்டும். கேனன் கேமராவில் லென்ஸ் மாட்டும் இடமான மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை 44 மி.மீ. 18 மி.மீ. லென்ஸ் தன் குவியத் தொலைவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளி நின்று பிம்பத்தை விழவைக்கவேண்டும். முடியாததல்ல, பிரான்சின் பியர் ஆன்ஜெனியூ 1950-லேயே அதற்கு வழி காட்டியிருந்தார். ஆனால் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு முன்வில்லை பெருக்கும், செலவு ஏறும். கேனன் பொறியாளர்கள் அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தார்கள். சென்சார் சின்னது என்றால், மிரர் மட்டும் ஏன் பெரிதாக இருக்கவேண்டும்?

மிரரைச் சுருக்கினார்கள். உள்ளே கொஞ்சம் இடம் பிறந்தது. லென்ஸின் பின்பக்கம் அந்த இடத்துக்குள் நுழைந்து சென்சாரை நெருங்கியது. அத்தனை ஆண்டுகளாகக் குறை என்று எல்லோரும் நொந்துகொண்ட சின்னச் சென்சார், முதல்முறையாக ஒரு வாய்ப்பாக மாறிய இடம் இதுதான். என் கணக்கில் இந்தக் கதையின் பெரிய திருப்பமும் இதுவே. சின்னப் பிம்பம் போதும் என்றதும் வில்லைகள் சிறுத்தன. மவுன்ட் பிளாஸ்டிக் ஆனது. மொத்த எடை 190 கிராம். 2003 ஆகஸ்டில் ‘300டி’ என்ற 6.3 மெகாபிக்சல் கேமரா அறிவிக்கப்பட்டது. உடல் மட்டும் 899 டாலர், லென்ஸோடு 999. ஆயிரம் டாலருக்குள் வந்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் அதுதான். வெறும் நூறு டாலருக்குக் கூடவே வந்த அந்த லென்ஸின் மேல் பொறித்திருந்த எண்கள்: 18–55.

18-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 28.8. 55-ஐப் பெருக்கினால் 88. தொலைந்துபோன 28–90 புது எண்களை உடுத்திக்கொண்டு திரும்பி வந்திருந்தது!

ஒரே ஒரு சிக்கல். சில மாதங்களுக்கு முன்புதான் கேனன் 10டி வந்திருந்தது. சென்சார் அதே அளவு, விலை அதிகம். ஆனால் மிரர் பழைய பெரிய மிரர். புது லென்ஸ் அதில் மாட்டாதபடி பின்னால் ஒரு வளையம் தடுத்தது. விலை உயர்ந்த கேமரா வைத்திருந்தவர்களுக்கு நூறு டாலர் லென்ஸ் கிடைக்கவில்லை. ஆசை யாரை விட்டது? சிலர் ரம்பத்தை எடுத்து அந்த வளையத்தை அறுத்தே 10டி-யில் மாட்டினார்கள்.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பென்டாக்ஸ் 2004-ல் தன் 18–55-ஐக் கொண்டுவந்தது. நிக்கான் அதே ஆண்டு டி70 கேமராவோடு 18–70 கொடுத்து, 2005-ல் டி50-யோடு 18–55-க்கு வந்து சேர்ந்தது. நிக்கான் சென்சாரின் பெருக்கம் 1.5, அங்கே 18 என்பது 27. ஒரு பக்கம் 27, மறுபக்கம் 28.8, நடுவில் அதே பழைய 28. மங்கல் வெளிச்சத்தில் படம் அசைந்துவிடுகிறது என்ற குறைக்கு மருந்தாக, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியோடு 2007-ல் கேனனின் புது 18–55 வந்தது. 2012-ல் ஃபியூஜி எஃப்2.8–4 துவாரத்தோடு, உலோக உடலில் ஒரு 18–55 செய்து, பெட்டியோடு வரும் லென்ஸ் மட்டமாகத்தான் இருக்கும் என்ற பேச்சை அடக்கியது.

இப்போது மிரரே இல்லாத கேமராக்களின் காலம். 18-ல் நிறுத்திய அந்தத் தடை போய்விட்டது. ஃபியூஜி 2024-ல் 18–55-க்குப் பதிலாக 16–50-ஐக் கொண்டுவந்தது. 16-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 24. முழு அளவு சென்சார் கேமராக்களின் தொழில்முறை ஜூம்கள் தொடங்கும் எண். கேனன் 2022-ல் தன் மிரரில்லாத ஏபிஎஸ்-சி கேமராக்களுக்குச் செய்த அன்றாட ஜூமோ 18–45. அதுவும் 28.8-ல்தான் தொடங்குகிறது.