தோட்டப் பாடநூல் முதல் செயற்கை நுண்ணறிவு வரை: காப்பார் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், கட்டுரை எழுதுதல், நூற்சுருக்கம், மொழிபெயர்ப்பு ஆகிய பணிகளுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நாடத் தொடங்கினர். 2024ஆம் ஆண்டில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இத்துறைக்கெனத் தனிப் புலம் ஒன்றையே நிறுவியது. தமிழையும் இந்நாட்டுத் தமிழர் வரலாற்றையும் கற்பிக்கும் நாம் இக்கருவிகளை எவ்வாறு அணுகுவது? கிள்ளான் மாவட்டத்தைச் சார்ந்த காப்பார் வட்டாரத்தின் வரலாற்றை முன்வைத்து இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

தோட்டப்பள்ளியும் பாடநூலும்

காப்பார், கிள்ளான் நகருக்கு வடக்கே அமைந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அவற்றின் லயங்களில் குடியமர்ந்தனர். ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரேனும் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியது. எனினும் கற்பித்தலின் தரம் நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தே அமைந்தது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியர் பணியையும் ஆற்றினார். பாடநூல்கள் தமிழகத்திலிருந்து தருவிக்கப்பட்டன. அங்குள்ள பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட அந்நூல்களில் பால்மரத்துக்கும் மங்குக்கும் பெரட்டுக்களத்துக்கும் இடமிருக்க ஏதுவில்லை. தோட்டத்துப் பிள்ளை தமிழைக் கற்றது. தன் ஊரைக் கற்கவில்லை.

1941ஆம் ஆண்டின் முற்பாதியில் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சார்ந்த ஆர்.எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தில், சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், மருத்துவ வசதி, துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் முதலிய கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன. பிள்ளைகளுக்கு முறையான கல்வி என்பதும் அவற்றுள் ஒன்று. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினரைக் கொண்டு போராட்டம் ஒடுக்கப்பட்டது. கல்வியைக் கூலியோடு ஒருசேர வைத்து உரிமையாகக் கேட்ட அத்தொழிலாளர்களின் கோரிக்கையை இந்நாட்டுத் தமிழ்க் கல்வி வரலாற்றின் ஒரு மைல்கல்லாகவே நாம் கருதுகின்றோம்.

பல்கலைக்கழகமும் கணினியும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956ஆம் ஆண்டு இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. அங்குத் தமிழ் உரிய இடம் பெறுதல் வேண்டும் எனக் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்துடன் நிதி திரட்டினார். எளிய மக்களும் அதற்குப் பொருள் வழங்கினர். 1961ஆம் ஆண்டில் துறைப்பொறுப்பேற்ற தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966ஆம் ஆண்டு முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

கணினி வந்தபோதும் இதே ஊக்கம் தொடர்ந்தது. 1980களின் நடுப்பகுதியில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு மென்பொருள், இந்நாட்டிலேயே உருவான கருவியாகும். தமிழ் இணைய மாநாடு 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும், 2013ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கூடியது. புதிய தொழில்நுட்பத்தை மலேசியத் தமிழர் பிறர் செய்து தரக் காத்திராமல், தாமே முனைந்து தமிழுக்கு ஏற்றதாக்கிக் கொண்டனர் என்பதற்கு இவை சான்றாகும்.

செயற்கை நுண்ணறிவு எழுப்பும் சிக்கல்

முந்தைய கருவிகள் நாம் எழுதியதை அச்சிட்டன, அனுப்பின, சேமித்தன. இன்றைய மொழிக்கருவிகளோ தாமே எழுதுகின்றன. பயிற்சிக்கெனத் தரப்பட்ட பெருந்தொகை எழுத்துகளிலிருந்து சொற்கள் தொடர்ந்து வரும் முறைமையைக் கற்று, அடுத்து வரத்தக்கதைக் கணித்து இவை விடை தருகின்றன. எழுத்துகள் மிகுந்துள்ள பொருளில் விடை பெரும்பாலும் செம்மையாக அமையும். எழுத்துகள் அருகிய பொருளில், பொருந்துவது போன்ற ஒன்றைப் புனைந்து நிரப்பும் இயல்பும் இவற்றுக்கு உண்டு. சிங்கப்பூரில் உருவான சீ-லயன் போன்ற வட்டார மொழிக்கருவிகள் தமிழையும் மலாயையும் உள்ளடக்கியுள்ளமை வரவேற்கத்தக்கது. ஆயினும் தமிழ் எழுத்துகளில் பெரும்பகுதி தமிழகத்திலும் இலங்கையிலும் எழுந்தவை. ஆதலின் காப்பார்த் தோட்டத்து வாழ்வு அவற்றில் அருகியே காணப்படும். தமிழகத்துப் பாடநூலைப் படித்த தோட்டத்துப் பிள்ளையின் நிலை பல்கலைக்கழக மாணவருக்கும் நேரக்கூடும்.

இதன் அவசரத்தை இன்றைய காப்பாரே உணர்த்துகின்றது. தோட்டங்கள் பல குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ஜாலான் அக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற பெயர்களில் தோட்டம் எஞ்சி நிற்கின்றது. அவ்வாழ்வை நேரில் அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

இக்கருவிகளைத் தடுப்பதால் இச்சிக்கல் தீராது. பின்வரும் பயிற்சிகளை வரலாற்று வகுப்புகளில் மேற்கொள்ளலாம் எனக் கருதுகின்றோம்.

முதலாவதாக, 1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் போன்ற பொருளைப் பற்றிக் கருவி தரும் விடையை மாணவர் தொடர் தொடராகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அக்காலச் செய்தித்தாள், அரசு ஆவணம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, சான்றுள்ளது எது, அற்றது எது எனக் குறிக்கச் செய்யலாம். மதிப்பெண் அவ்வொப்பீட்டுக்கே உரியதாதல் வேண்டும்.

இரண்டாவதாக, முதியோரின் வாய்மொழி வரலாற்றை அவர்தம் இசைவு பெற்றுப் பதிவு செய்து, பேச்சை எழுத்தாக்கும் கருவியின் துணையுடன் எழுத்து வடிவாக்கலாம். மலாய்ச் சொற்களும் தோட்டத்து வழக்குகளும் விரவிய பேச்சில் கருவி தடுமாறும் இடங்களை மாணவரே திருத்துவர். அத்திருத்தம் மொழியியல் பயிற்சியுமாகும்.

மூன்றாவதாக, துறை மாணவர்களின் ஆய்வேடுகள், பள்ளி மற்றும் கோயில் சிறப்பு மலர்கள் ஆகியவற்றை உரிமையாளரின் ஒப்புதலுடன் மின்னுருவாக்கி, ஆண்டும் இடமும் குறித்துத் தொகுத்தல் வேண்டும்.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவின் தமிழ், அதற்கு நாம் ஈயும் தமிழைப் பொறுத்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் தொழிலாளர்கள் தம் பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். அவர்தம் வரலாற்றைச் சான்றுகளோடு எழுத்தில் நிலைநிறுத்துவதும், கருவியின் விடையை ஐயுற்று ஆராயும் திறனை மாணவரிடம் வளர்ப்பதும் அக்கோரிக்கைக்கு நாம் இன்று ஆற்றக்கூடிய கடமைகளாகும்.