கல்யாணப் படத்தில் கறுப்புப் புடவையா?

நம் தோட்ட வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்திலே ஒரு பழைய புகைப்படம் தொங்கும். தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். கைகள் முழங்கால்மேல் இருக்கும். பாட்டி பக்கத்தில் நிற்பார். இருவர் முகத்திலும் சிரிப்பு இராது.

அப்படி ஒரு படம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று எங்கள் மாணவர்களிடம் சொன்னோம். ஒரு சிறுமி தன் கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். போருக்கு முன் குளுவாங்கில் எடுத்ததாம். "ஐயா, கல்யாணத்துக்கு யாராவது கறுப்புப் புடவை கட்டுவாங்களா?" என்று கேட்டாள். புடவை மட்டுமா? பொட்டும் கறுப்பு. முகமும் கரி பூசினாற்போல் இருந்தது.

இதற்கு விடை புகைப்படத் தகட்டின் வரலாற்றில் இருக்கிறது. 1839-ல் பாரிசில் இக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, படம் பதிய நிமிடக்கணக்கில் ஆயிற்று. தலை ஆடாதிருக்கப் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். அவ்வளவு நேரம் யாரால் சிரித்துக்கொண்டிருக்க முடியும்? 1880 வாக்கில் உலர்தகடு பரவி நேரம் நொடியாகக் குறைந்தது. விறைப்பு மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது.

நிறத்தின் கதை வேறு. முதற்காலத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. 1873-ல் வோகல் என்ற ஜெர்மானியர், தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையையும் உணரும் என்று கண்டார். அதன் வழியில் வந்த தகடுகளுக்கும் சிவப்புத் தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு அவற்றைக் கழுவ முடிந்தது. எல்லா நிறமும் உணரும் தகட்டை 1906-ல் இங்கிலாந்தில் ரேட்டன் வெயின்ரைட் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய வகை பிறகும் பல்லாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. சிவப்புக் கூறைப்புடவையும் குங்குமமும் கறுப்பாகிப்போன காரணம் இதுதான். நம் தோலின் பழுப்பிலும் சிவப்புச் சாயல் உண்டு. கறுப்பு நமக்குக் குறையன்று. ஆனால் முகத்தின் மேடு பள்ளமும் கண்ணின் கனிவும் அந்தக் கறுப்பில் மறைந்துபோனது பெரிய நட்டம்.

வெளிச்சத்தால் இதை ஓரளவு சரிக்கட்டலாம். ஐரோப்பியர் தம் ஸ்டூடியோக்களுக்கு வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்தார்கள். அங்கே அப்பக்கம் வெயில் நேராக விழுவது அரிது. ஜொகூரோ பூமத்திய ரேகைக்கு 3 பாகைக்குள் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே. புத்தகத்தில் கண்டபடி இங்கே செய்தால் ஆண்டில் பாதி நாள் வெயிலில்தான் உட்காரவேண்டும்! கண்ணாடிக்குக் கீழே வெள்ளைத்துணி கட்டி வெயிலைத் தணித்து, நிழல் விழும் பக்கம் வெள்ளைத் தட்டி வைத்தால் பழுப்பு முகம் எழுந்து நிற்கும்.

யார் நிற்கச் சொன்னார்கள் என்பதும் ஒரு கேள்வி. நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில், 1867-ல் தொடங்கிய லாம்பர்ட் கம்பெனி நம்மவரை நிறுத்தி எடுத்த படங்களைப் பயணிகளுக்கு விற்றது. படத்தின் கீழே இனத்தின் பெயர்தான் இருக்கும். ஆளின் பெயர் இராது. 1948-ல் அவசரகாலம் வந்ததும், 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை என்றார்கள். நேர்முகம், கைரேகை, ஓர் எண். சில வீடுகளில் பாட்டனாரின் முகமாக எஞ்சியிருப்பது அந்தச் சிறு படம் ஒன்றுதான்.

காசு கொடுத்து ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் அப்படியா நின்றார்கள்? கைக்கடிகாரம் தெரியக் கையை வைத்தார்கள். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டினார்கள். ஊருக்கு அனுப்பவேண்டிய படமல்லவா! அந்த விறைப்பைப் பார்த்து நாம் சிரிப்பது சரியில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

சிறுமி கொண்டுவந்த படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. பாட்டியைக் கேட்டு எழுதி வரச் சொன்னோம். மறுநாள் பென்சிலால் எழுதி வந்தாள்: கொள்ளுப்பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், அதற்குக் கீழே, "புடவை சிவப்பு."